சனிக்கிழமை வாளி

கொட்டாஞ்சேனை
5.5.1996

அருந்ததிக்கு,

நலம். நீரும் நலமாக இருப்பீர் என்று நினைக்கிறேன். மூன்று வருடமாக எழுதாதவன் இப்போது எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கும் என்று உமக்கே விளங்கும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த மின்வெட்டு என்னைக் கொன்றுவிட்டது. காற்றுப் பம்பு ஓடாமல் கண்ணாடித் தொட்டிகளில் நெருக்கமாக இருந்த கப்பி மீன்கள் எல்லாம் வாயை மேலே வைத்துத் தவித்துத் தவித்துச் செத்துப் போயின. பழைய சைக்கிள் பம்பால் காற்று அடித்துப் பார்த்தேன். கை ஓய்ந்ததுதான் மிச்சம். அரசாங்கமோ மழை வந்தால் கரண்ட் வரும் என்று வானொலியில் ஆறுதல் சொல்கிறது.

அந்த நீலவால் இனத்தைப் பற்றி உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் எல்லாம் எரிந்து, உடுத்த உடுப்போடு கொட்டாஞ்சேனைக்கு வந்து, உமது அக்கா அன்னபாக்கியமும் நானும் ஒரு ஜாம் போத்தலில் தொடங்கி வளர்த்த இனம். அவள் கண்மூடிய பிறகு எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அவள் போன மறு வருடம், ஏதும் நடந்தால் கைக்கு இருக்கட்டும் என்று உமது பின்வளவுச் சீமெந்துத் தொட்டியில் கொஞ்சம் விட்டேன் அல்லவா? அவற்றில் சிலவற்றைத் தயவுசெய்து அனுப்பிவைக்கவும். திரீவீலர்க்காரர் சூசைதாசன் வெள்ளவத்தைப் பக்கம் வரும்போது உம்மிடம் வருவார்.

நான் வரமாட்டேன். கலாமதி என் மகளாக இருந்தும் என் சொல்லை மீறி அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பொடியனைக் கட்டினாள். நீர் இருவருக்கும் உமது வீட்டில் இடம் கொடுத்தீர். அந்தப் படி மிதிக்கமாட்டேன் என்று அன்று சொன்னது சொன்னதுதான். இந்தக் கடிதம் மீனைப் பற்றி மட்டும்.

க. நாகேந்திரம்


வெள்ளவத்தை
11.5.1996

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஒரே ஊருக்குள் இருந்துகொண்டு முத்திரை ஒட்டிக் கடிதம் எழுதுகிற குடும்பம் கொழும்பில் வேறு இருக்குமோ தெரியாது. தபால்காரர் உறையின் இரு பக்கத்தையும் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

மீன் செத்ததற்கு உண்மையாகவே கவலைப்படுகிறேன். அக்கா அந்தப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நீங்கள் கேட்டபடி, தொட்டியில் வலை போட்டுப் பிடித்து, சூசைதாசனிடம் பொலித்தீன் பையில் கொடுத்துவிட்டேன். வழியில் சோதனைச் சாவடியில் பையை வெளிச்சத்துக்குப் பிடித்து, "மொனவத மே?", இது என்ன என்று கேட்டார்களாம். "மாளு மஹத்தயா, மாளு" என்று இவர் சொல்ல, ஒரு சிப்பாய் பைக்குள் விரலைவிட்டுப் பார்த்தானாம். மீன்தான் என்று உறுதியான பிறகு விட்டார்கள்.

தோட்டத்துப் பொடியனுக்குப் பழனிமுத்து என்று பெயர். தெமட்டகொடை ரயில் யார்டில் வேலை. மூன்று வருடத்தில் அந்தப் பெயரை நீங்கள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்பதால் நினைவூட்டுகிறேன். உங்கள் பேத்திக்கு எட்டு மாதம், தவழ்கிறாள். மீனைப் பற்றி மட்டும் என்றீர்கள். நான் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை.

அருந்ததி


கொட்டாஞ்சேனை
14.5.1996

அருந்ததிக்கு,

நீர் என்ன அனுப்பினீர்?

பையை அவிழ்த்து வாளியில் விட்டுப் பார்த்தேன். சாம்பல் நிறம். குட்டை வால். எங்கேயோ ஒன்றிரண்டில் உற்றுப் பார்த்தால் ஒரு புள்ளி. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஹெந்தளையில் இருந்து ஹியூபேட்டை வரவழைத்தேன். அவர்தான் என் மீனை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறவர், இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவர் குனிந்து பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "நாகேந்திரம், இது ட்ரெய்ன் ஃபிஷ் மேன், வாய்க்கால் மீன். நுளம்புப் புழுவைத் தின்ன முனிசிபல்ட்டி சும்மா குடுக்கிறது." என் வீட்டில், என் முன்னால்!

உமது வீட்டுக்குப் பக்கத்திலேயே வாய்க்கால் ஓடுகிறது. யாரோ அதில் இருந்து மீனைக் கொண்டுவந்து என் மீனோடு விட்டிருக்கிறார்கள். யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. நல்ல இனத்தைக் கண்டதோடும் சேர்த்தால் என்ன வரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். உமது வீட்டில் இதுதானே வழக்கம்.

பதின்மூன்று வருட உழைப்பு. உமது அக்காவின் கை பட்டது. அதைப் போய் இப்படி ஆக்கிவிட்டீரே.

க. நா.


வெள்ளவத்தை
20.5.1996

அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை கிழித்துவிட்டு மூன்றாம் தடவை எழுதுகிறேன். முதல் இரண்டிலும் இருந்த சொற்கள் ஒரு ஆசிரியை எழுதக்கூடியவை அல்ல.

வாய்க்காலில் இருந்து ஒரு மீனும் என் தொட்டிக்கு வரவில்லை. பழனிமுத்து கொண்டுவந்து விடவில்லை. அந்த மனிதருக்கு உங்கள் மீன்மேல் உங்களைவிடப் பயம். உணவு போடும்போது கலாமதி பக்கத்தில் நிற்காவிட்டால் கிட்டவே போகமாட்டார், ஏதாவது செத்தால் தன் தலையில் விடியும் என்று.

கோபம் ஆறிய பிறகு யோசித்தேன். ஏ.எல். பிள்ளைகளுக்கு இருபது வருடமாக விலங்கியல் படிப்பிக்கிறவள் நான். மீன் சும்மா மாறாது. ஆகவே ஞாயிறு காலை கதிரையைப் போட்டுக்கொண்டு தொட்டிக்கு எதிரே இருந்தேன்.

வந்தார் ஐயா. மீன்கொத்தி. உடுப்புக் காயப்போடும் கம்பியில் சொந்த வீடு மாதிரி உட்கார்ந்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஒரு பாய்ச்சல். போய்விட்டார். "இது தினமும் வாறது சின்னம்மா" என்று கலாமதி சமையலறைக்குள் இருந்து சொல்கிறாள். "முந்தி நல்ல நீலமாப் பாத்துக் கொண்டு போகும். இப்ப பாவம், கனநேரம் தேடித்தான் பிடிக்குது." பாவமாம்!

தொட்டிக்கு மேலே நீங்கள் கட்டித்தந்த நுளம்பு வலை எங்கே என்று கேட்பீர்கள். தொண்ணூற்று மூன்று மே மாதம், நீங்கள் கோபித்துக்கொண்டு போய்க் கொஞ்ச நாளில், ஜனாதிபதி குண்டில் செத்தபின் ஆமிக்காரர் வீடு வீடாகச் சோதித்தார்களே, அப்போது போனது. மூடின தொட்டி என்றால் உள்ளே என்னவோ இருக்கிறது என்று கம்பியால் குத்திக் கிழித்தார்கள். திரும்பக் கட்டினேன். அடுத்த சோதனையில் திரும்பக் கிழித்தார்கள். பிறகு விட்டுவிட்டேன். திறந்து கிடந்தால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதுதான் நிம்மதியாக இருந்தது. மீன்கொத்திக்கும்தான்.

சீமெந்துத் தொட்டி, பாசித் தண்ணீர். மயில் நீலத்தில் விசிறி வாலை இழுத்துக்கொண்டு மெதுவாக நீந்துகிறவன் முதலில் போனான். சாம்பலாய், குட்டை வாலோடு, விறுக்கென்று ஓடுகிறவன் தப்பிப் பிள்ளை பெற்றான். அவன் பிள்ளைகள் அவனைப் போல. மூன்று மாதத்துக்கு ஒரு தலைமுறை என்றால் மூன்று வருடத்தில் எத்தனை தலைமுறை என்று நீங்களே பாருங்கள். இதற்குப் பெயர் இயற்கைத் தேர்வு. பாடப் புத்தகத்தில் எங்கோ இருக்கிற தீவுப் பறவைகளைக் காட்டிக் கத்துகிறேன், என் பின்வளவில் நடந்ததை நான் கவனிக்கவில்லை. அந்த வெட்கம் எனக்கு இருக்கிறது. கலப்படம் செய்த வெட்கம் இல்லை, ஏனென்றால் செய்யவில்லை.

ஆனால் ஒன்று இடிக்கிறது. நீங்கள் விட்ட மீன் எல்லாம் ஒன்றுபோல் நீலமாக இருந்திருந்தால் பறவை எதைத் தின்று எதை விட்டிருக்கும்? தெரிவு செய்ய வித்தியாசம் வேண்டும். உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் தொட்டியில் சாம்பல் குஞ்சு பிறந்ததே இல்லையா?

அருந்ததி


கொட்டாஞ்சேனை
29.5.1996

அருந்ததிக்கு,

பிறக்கும். எந்த இனத்திலும் பிறக்கும். நீலத் தகப்பனுக்கும் சாம்பல் மகன் இடைக்கிடை வருவான். அதற்காகத்தானே ஒவ்வொரு சனிக்கிழமையும் பொறுக்கி எடுத்து வாளியில் போட்டு, தெருமுனை வாய்க்காலில் ஊற்றிவிடுவேன். மீன் வளர்க்கிற எவனும் செய்கிற வேலை. ஹியூபேட்டும் செய்கிறார். அதை யாரும் வெளியில் கதைப்பதில்லை. வாங்க வருகிறவனிடம் "சுத்தமான இனம்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் சாம்பல் குஞ்சு வாளியைக் காட்டுவார்களா? உம்மிடமும் அதனால்தான் சொல்லவில்லை. இதில் என்ன குற்றம் கண்டுவிட்டீர்?

மீன்கொத்தி விளக்கம் எனக்குப் பிடிபடவில்லை. தண்ணீர் பிடிக்காமல், வெயில் பட்டு, பயந்து பயந்து என் மீன் நிறத்தை விட்டுவிட்டது என்று சொன்னாலாவது ஏற்றுக்கொள்ளலாம். நாங்களும் அப்படித்தானே. சோதனைச் சாவடி வரமுன்னம் பெண்கள் பொட்டை அழித்துக்கொள்கிறார்கள். பஸ்ஸில் வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரியாதவன் தப்புகிறான். இப்படியே போனால் எங்கள் பிள்ளைகள் பொட்டில்லாமல்தான் பிறக்கும்.

எதுவாக இருந்தாலும் என் இனம் போய்விட்டது. நேற்று மீன் சாமான் எல்லாவற்றையும் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். காலையில் எழும்பி எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. மனம் வெறுத்துவிட்டது.

க. நா.


வெள்ளவத்தை
4.6.1996

அத்தானுக்கு,

பொட்டோடு யாரும் பிறந்ததில்லை. இது உங்களுக்கும் தெரியும்.

இதே பிழையை ஒவ்வொரு வருடமும் விடைத்தாளில் சிவப்புப் பேனாவால் வெட்டி வெட்டி எனக்கு விரல் தேய்ந்துவிட்டது. இப்போது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. நான் பஸ்ஸில் அழிக்கிற பொட்டை வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்கிறேன். அது என் பயம், பிள்ளைக்குப் போகிற பரம்பரையலகு அல்ல. மீனும் அப்படித்தான். ஒரு மீனும் பயந்து நிறத்தை விடவில்லை. நீலமாய்ப் பிறந்தவன் நீலமாகவே பறவையின் வாய்க்குள் போனான். சாம்பலாய்ப் பிறந்தவன் சாம்பலாகவே கிழடானான். தனி மீன் எதுவும் மாறவில்லை, அத்தான். தொட்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்பதுதான் மாறியது. குடித்தொகை மாறியது. இதை விளங்கிக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

மற்றப் பாதி உங்கள் வாளிக்குள் இருக்கிறது. நீங்கள் சனிக்கிழமை சனிக்கிழமை சாம்பலை எடுத்து ஊற்றினீர்கள். என் வீட்டில் ஒரு பறவை தினமும் நீலத்தை எடுத்துத் தின்றது. இரண்டு பேரும் ஒரே வேலைதான் செய்திருக்கிறீர்கள், திசைதான் வேறு. அது பசியில் செய்தது. உங்கள் இனம் சுத்தமாய் இருந்ததே இல்லை. சுத்தமாய்த் தெரியும்படி வைத்திருந்தீர்கள். என்னிடம் "சாம்பலைப் பொறுக்கி எறி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் கவனித்திருப்பேன். சொல்ல உங்களுக்குக் கௌரவக் குறைச்சல். இப்போது பழி பழனிமுத்து தலையில்.

கலந்தால் கெடும் என்று மீன் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். மீன் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் சொல்கிறீர்கள், மீனைச் சாட்சிக்கு இழுக்கிறீர்கள். மனிதரைப் பற்றி மீனிடம் கேட்கிறது மடத்தனம் என்று நான் நினைக்கிறேன். கேட்டுத்தான் ஆவேன் என்றால் முழுதாகக் கேளுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாகவே கலந்து கலந்து, கடைசிக் காலத்தில் உங்கள் தொட்டியில் கூன் முதுகுக் குஞ்சுகள் வருகின்றன என்று அக்கா என்னிடம் சொல்லி அழுதாள். அதையும் சனிக்கிழமை வாளிதான் அறியும்.

இனி, திட்டி முடித்தாயிற்று. கட்டிலுக்குக் கீழே தள்ளியதை வெளியில் எடுங்கள். இனம் முழுதாகப் போகவில்லை.

பெண் மீனை யோசியுங்கள். கப்பிப் பெண் எல்லாமே சாம்பல். பறவைக்கு எல்லாம் ஒன்றுதான், நீல வம்சமா இல்லையா என்று பார்த்து அது தின்னவில்லை. நீலத்துக்கான பரம்பரையலகு வெளியில் தெரியாமல் சில பெண்களின் உடம்புக்குள் இன்னும் இருக்கும். அவள் தனக்கு வைத்துக்கொள்ளாததை மகனுக்குக் கொடுப்பாள். ஆனால் எந்தப் பெண் என்று என் கண்ணுக்குத் தெரியாது. நீல வம்சத்துப் பெண்ணுக்கு வால் அடியில் புகை மாதிரி ஒரு சாயல் இருக்கும் என்று அக்கா சொல்வாள். அதைப் பார்க்கிற கண் இப்போது உங்களிடம் மட்டும்தான். தொட்டியில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பையில் கட்டி அனுப்புகிற விஷயம் இல்லை.

ஆகவே நீங்கள் வரவேண்டும். வராவிட்டால் மீன்கொத்தி வேலையை முடித்துவிடும். வலை கட்டியிருக்கிறோம், அடுத்த சோதனைவரை இருக்கும்.

அருந்ததி


கொட்டாஞ்சேனை
9.6.1996

அருந்ததிக்கு,

ஞாயிறு காலை வருகிறேன். பக்கத்துப் படலையைத் திறந்து வைக்கவும். அதால் நேராகத் தொட்டிக்குப் போவேன். வீட்டுப் படி ஏறமாட்டேன். தேத்தண்ணி வேண்டாம். யாரும் வந்து கதைக்கவும் வேண்டாம்.

க. நா.


வெள்ளவத்தை
18.6.1996

அத்தானுக்கு,

நீங்கள் போய் இரண்டு நாளாகியும் என் எரிச்சல் தீரவில்லை.

வந்தீர்கள். சந்தோஷம். குடையை ஊன்றிக்கொண்டு தொட்டிக் கரையில் மதியம்வரை குந்தியிருந்தீர்கள். ஒவ்வொரு பெண் மீனையும் கோப்பையில் எடுத்து வெயிலுக்குப் பிடித்து, "நீ இல்லை, நீ இல்லை, நீ கொஞ்சம் நில்" என்று கதைத்தீர்கள். சீவனோடு இருக்கிற மனிதர்களோடு ஒரு வார்த்தை இல்லை. வெயில் ஏறினபோது பழனிமுத்து குடை பிடித்தார். "பாத்து மாமா, இந்தப் பக்கம் வழுக்கும்" என்றார். நீங்கள் திரும்பிப் பார்க்காமல், "தம்பி, அந்த வாளியைத் தாரும்" என்றீர்கள். அந்தத் தம்பி என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவர் இரண்டு நாளாக வீட்டுக்குள் சிரித்துக்கொண்டு திரிகிறார். பார்க்க எனக்குக் கோபம்தான் வருகிறது. இவ்வளவு சின்னச் சொல்லுக்கு ஒரு மனிதரை இவ்வளவு காலம் காக்கவைத்தீர்களே.

கலாமதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலிலேயே நின்றாள். காலையில் குளிப்பாட்டிப் புதுச் சட்டை போட்டு வைத்திருந்தாள். நீங்கள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. மீன் வாளியை மூடி, குடையை மடித்து, படலையால் போய்விட்டீர்கள். படலைச் சத்தம் கேட்டதும் அவள் குழந்தையின் சட்டையைக் கழற்றிப் பழையதை மாட்டினாள். நான் குசினி அடுப்படியில் போய் அழுதேன். மீனின் வாலடியில் இருக்கிற புகையைக் காண்கிற கண்ணுக்கு, மூன்று முழத்துக்கு அப்பால் நிற்கிற பேத்தி தெரியவில்லையா?

மீனுக்கு என்ன நடந்தது என்று எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி.

அருந்ததி


கொட்டாஞ்சேனை
20.10.1996

அருந்ததிக்கு,

உடனே எழுதாததற்குக் காரணம், எழுத ஒன்றும் இருக்கவில்லை. முதல் ஈற்றுக் குஞ்சுகள் பருவத்துக்கு வந்தபோது ஆண்கள் எல்லாம் சாம்பல். உம்மையும் உமது பாடப் புத்தகத்தையும் மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். அவற்றை அவற்றின் தாய்மாரோடு திரும்பச் சேர்த்துவிட்டுக் காத்திருந்தேன். கரண்ட் இப்போது ஒழுங்காக இருக்கிறது.

இரண்டாம் தலைமுறை இந்த மாதம் நிறம் பிடித்தது. ஒருத்தன் வந்திருக்கிறான். பின்பாதி முழுக்க அதே மயில் நீலம். வால் இன்னும் விரியவில்லை, விரியும். ஹியூபேட் வந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். அவரை நான் இவ்வளவு காலத்தில் அப்படிக் கண்டதில்லை. நீர் சொன்னது சரி. இதற்குமேல் அதைப் பெரிதாக்க வேண்டாம்.

நேற்று சனிக்கிழமை. வழக்கம்போல் மற்றவற்றைப் பொறுக்கி வாளியில் போட்டுத் தெருமுனைக்குக் கொண்டுபோனேன். ஊற்றப் போகிறபோது, இப்படியான சாம்பல் ஒன்றின் வயிற்றில் இருந்துதானே அந்த நீலம் வந்தது என்று பட்டது. இதில் எதற்குள் எது இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? வாளியோடு அங்கேயே நின்றேன். காவலில் நின்ற பொலிஸ்காரன் கிட்ட வந்து, "மொகத அங்கிள்?" என்றான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். வீட்டில் இடமில்லை. பெரிய தொட்டி ஒன்று புறக்கோட்டையில் பார்த்து வைத்திருக்கிறேன், தனியாகத் தூக்க ஏலாது. பழனிமுத்துவுக்கு லீவு இருந்தால் ஒரு கை பிடிக்கச் சொல்லவும்.

நான் குழந்தையைப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தீர். பார்த்தேன். வாளித் தண்ணீருக்குள் பார்த்தேன். வாசல் அப்படியே அதில் தெரிந்தது. இடது காது மேல்பக்கம் மடிந்திருக்கிறது. அன்னத்துக்கும் அப்படித்தான், தலைமயிரை இழுத்து விட்டு மறைத்துக்கொள்வாள், கட்டின புதிதில் எனக்கே காட்டமாட்டாள். கலாமதிக்கு அந்தக் காது இல்லை. அதைக் கண்ட பிறகு நான் எப்படித் திரும்பி நேரே பார்ப்பது? குடையை மடித்தேனா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. படலையைத் திறந்ததும் தெரியாது.

அந்தக் காது எப்படி வந்தது என்று நீர் இப்போது பேனாவை எடுப்பீர். விளக்கம் ஒன்றும் எழுத வேண்டாம். ஞாயிறு வருகிறேன். முன்வாசலால் வருகிறேன். கலாமதியிடம் அந்தப் புதுச் சட்டையைப் போட்டு வைக்கச் சொல்லவும், அது இன்னும் அளவாக இருந்தால்.

நாகேந்திரம்